அக்காவின் பரிசோதனை முடிவு போன இடம்

சென்ற ஆண்டு, என் அக்கா மகளின் திருமணத்துக்கு முந்திய வாரம். மலேசியாவில், கிள்ளான் நகரத்தில் ஒரு கடைவீட்டு வரிசையின் முதல் மாடியில் இயங்கும் டயாலிசிஸ் நிலையத்தில், அக்காவுக்குத் துணையாக உட்கார்ந்திருந்தேன். அவர் கையில் குழாய்கள் செருகப்பட்டிருந்தன. இயந்திரம் வழக்கம்போல் ஓடிக்கொண்டிருந்தது.

திருமணம் வடக்கே பல மணி நேரப் பயணத்தில் இருக்கும் சுங்கை பட்டாணியில், மாப்பிள்ளையின் ஊரில். அங்கே தங்கும் நாள்களில் அக்காவுக்கு இடையில் ஒருமுறை ரத்தம் சுத்திகரித்தாக வேண்டும். ஒரே நாளில் போய்த் திரும்புவதற்கு மருத்துவர் ஒப்பவில்லை, உடம்பு தாங்காது என்று சொல்லிவிட்டார். நல்ல வேளையாக, சுங்கை பட்டாணியில் ஒரு நிலையம் இடம் தருவதாகச் சொன்னது. ஆனால் அண்மையில் எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவு வேண்டும். தொற்றுக் கிருமி எதுவும் இல்லை என்று தெரியாமல் வெளியூர் நோயாளியை யாரும் தங்கள் இயந்திரத்தில் சேர்ப்பதில்லை. அன்று மதியத்துக்குள் முடிவை அனுப்பாவிட்டால் அந்த நாற்காலி வேறொருவருக்குப் போய்விடும்.

ரத்தம் எடுத்துச் சில நாள்கள் ஆகியிருந்தன. முன்பெல்லாம் முடிவு தாளில் வரும், கோப்பில் குத்தி வைப்பார்கள். அந்த மாதம்தான் கணினிக்கு மாறியிருந்தார்கள். லேப் மின்னஞ்சலில் அனுப்பும். ஒரு புரோகிராம் அதைத் தானாகவே எடுத்து, நோயாளியின் பெயரில் ஒரு ஃபோல்டர் திறந்து அதற்குள் போட்டுவிடும். பெயரைத் தட்டினால் திரையில் வரும். அங்கே சிகிச்சைக்கு வரும் ஒரு சீனப் பெரியவரின் மகள், சுபாங்கில் வேலை பார்க்கும் புரோகிராமர், அதை இலவசமாக எழுதிக் கொடுத்திருந்தார்.

பொறுப்பில் இருந்த தாதி ஒரு மலாய்க்காரப் பெண்மணி; எல்லோரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். அக்காவின் பெயரைத் தட்டினார். ‘தியாடா ரெக்கோட்’ என்று வந்தது. பதிவு இல்லையாம். அடையாள அட்டையை வாங்கி, ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து மறுபடி தட்டினார். அதே பதில். லேப்புக்கு அழைத்தார். அனுப்பிவிட்டோமே என்றார்கள். இன்னொரு முறை அனுப்பச் சொன்னார். அனுப்பினார்கள். மின்னஞ்சல் வந்ததற்கான மணிகூட ஒலித்தது. தட்டிப் பார்த்தால் மறுபடியும் பதிவு இல்லை. மூன்றாவது முறையும் அப்படியே. வந்த கடிதத்தை வாசலிலேயே யாரோ விழுங்கிக்கொண்டிருப்பது போலிருந்தது.

பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மாள் தன்னுடையதையும் பார்க்கச் சொன்னார். இல்லை. அதற்கடுத்தவர் போர்ட் கிள்ளானில் கன்டெய்னர் லோரி ஓட்டியவர். அவருடையதும் இல்லை. மிஸ்ஸி சந்தேகம் வந்து ஜன்னலோரம் இருந்த சீனப் பெரியவரின் பெயரைத் தட்டினார். உடனே வந்தது. எதிரில் இருந்த மாக்சிக்கின், அந்த வயதான மலாய்க்கார அம்மாவின், பெயரைத் தட்டினார். அதுவும் வந்தது.

லோரிக்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: “பாத்தீங்களா, நம்ம ஆளுங்களோடது மட்டும்தான் காணோம்.”

 அந்தச் சொல் அறையில் நின்றது. மிஸ்ஸியின் விரல்கள் தட்டச்சுப் பலகைமேல் ஒரு நொடி அசையாமல் இருந்ததைப் பார்த்தேன். அவருக்குத் தமிழ் புரியுமா என்று எனக்குத் தெரியாது. அதுவரை எங்களோடு அவர் மலாயில்தான் பேசியிருந்தார்.

அப்போது கோடி நாற்காலியில் இருந்த அங்கிள், தன்னுடையதையும் பார்க்க முடியுமா என்று கேட்டார். யாழ்ப்பாண வழிவந்த குடும்பம், கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் பிறந்து வளர்ந்து, அரசாங்க வேலையில் ஓய்வு பெற்று, இப்போது கிள்ளானில் மகளோடு இருப்பவர். தமிழர்தான். அவருடைய முடிவு உடனே திரையில் வந்தது.

எனக்குப் பெரிய குழப்பம். நம்மவர்களுடையது மட்டும் இல்லை என்றால் இவருடையது எப்படி இருக்கிறது? லோரிக்காரருக்கு அந்தக் குழப்பமே இல்லை.

“நம்ம ஆளுங்க தோட்டத்துல ரப்பர் மரம் சீவுன வெள்ளைக்காரன் காலத்துலயே அங்கிளோட ஆளுங்க ஆபீஸ்ல ஃபேன் போட்டு உக்காந்தவங்க. கம்ப்யூட்டருக்கும் தெரிஞ்சிருக்கு.”

“நீ லோரி ஓட்டுனவன்னு கம்ப்யூட்டருக்கு யாரு சொன்னா?” என்றார் அங்கிள். “நீயே வாயத் தொறந்திருப்ப லா.”

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: “தம்பி, கெடைக்கலனா பரவால்ல. தாலி கட்டுறப்ப வீடியோ கால் போடச் சொல்லு. இங்கருந்தே பாத்துக்கிறேன்.”

மிஸ்ஸி அந்தப் புரோகிராமரை அழைத்து, கைப்பேசியை ஸ்பீக்கரில் வைத்தார். தன் கணினியில் எல்லாம் சரியாக வேலை செய்கிறதே என்று அந்தப் பெண்ணும் குழம்பினார். தன் அப்பாவின் பெயர், தோழிகளின் பெயர்கள் எல்லாம் போட்டுச் சோதித்துத்தான் கொடுத்தாராம். பிறகு, முடிவுகள் சேரும் பெரிய ஃபோல்டரைத் திறந்து உள்ளே இருக்கிற பெயர்களை யாராவது படித்துக் காட்ட முடியுமா என்று கேட்டார். ஓர் இயந்திரம் கத்த ஆரம்பித்ததால் மிஸ்ஸி அங்கே போய்விட்டார். நான் நாளிதழில் பக்கம் வடிவமைக்கிறவன். யாரோ எங்கேயோ போட்டுவைத்த படங்களை ஃபோல்டர் ஃபோல்டராகத் தேடுவது என் அன்றாட வேலை. நான் போய் உட்கார்ந்தேன்.

சீனப் பெயர்கள் முழுதாக இருந்தன. மகன், மகள் என்பதற்கு ‘பின்’, ‘பிந்தி’ என்று நடுவில் போட்ட மலாய்ப் பெயர்களும் முழுதாக இருந்தன. கோடி நாற்காலி அங்கிளின் பெயரும் முழுதாக இருந்தது. அக்காவின் பெயரிலும் ஒரு ஃபோல்டர் இருந்தது, ஆனால் பாதியில் நின்றது. அவருடைய சொந்தப் பெயர், அதன்பின் ஏ என்ற ஒற்றை ஆங்கில எழுத்து. அவ்வளவுதான். அப்பாவின் பெயரைக் காணோம். லோரிக்காரருடையதும் அப்படியே, பெயரும் ஒரு ஏ-யும். பக்கத்து அம்மாளுடையதும் அப்படித்தான்.

பெயர் நீளமானதால் வெட்டுப்பட்டதோ என்று முதலில் நினைத்தேன். ஆனால் அதைவிட நீளமான மலாய்ப் பெயர்கள் அப்படியே இருந்தன. ஒன்றும் புரியாமல் அக்காவின் பாதிப் பெயர்மேல் தட்டினேன். உள்ளே இன்னொரு ஃபோல்டர் இருந்தது. பி என்ற எழுத்தில் தொடங்கி, பிறகு எங்கள் அப்பாவின் பெயர். அதையும் திறந்தேன். லேப் அனுப்பிய முடிவு, மறுபடி மறுபடி அனுப்பிய பிரதிகளோடு, அங்கே பத்திரமாக இருந்தது.

நம் அடையாள அட்டையில் சொந்தப் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் ஏ/எல் என்றோ ஏ/பி என்றோ இருக்கும். மகன், மகள் என்பதற்கான மலாய்ச் சொற்களின் சுருக்கம். பிறந்ததிலிருந்து பார்ப்பதால் அந்தச் சாய்ந்த கோடு நம் கண்ணில் படுவதே இல்லை. கணினிக்கு அந்தக் கோட்டில் ஒரு கட்டளை இருக்கிறது: இதுவரை ஒரு ஃபோல்டர், இதற்குமேல் அதற்குள் இருக்கும் இன்னொன்று. ஆகவே புரோகிராம் அக்காவின் பெயரைப் பெயராகப் படிக்காமல் பாதையாகப் படித்து, அந்தப் பாதையில் போய்த் தாளை வைத்திருக்கிறது. தேடும்போதோ வெளி ஃபோல்டர்களின் பெயர்களை மட்டும் பார்த்துவிட்டு, இப்படி ஒருவர் இல்லை என்று சொல்லியிருக்கிறது. அங்கிளின் குடும்பத்தில் இரண்டு பெயர்களைச் சேர்த்து எழுதுவதோடு சரி, நடுவில் கோடு கிடையாது.

நான் பார்த்ததைக் கைப்பேசியில் புரோகிராமரிடம் சொன்னேன். பிறகு அந்தப் பெண் மலாயில் மெல்லப் பேசினார். பள்ளியில் தன்னோடு படித்தவர்களின் பெயரிலும் அந்தக் கோட்டைப் பார்த்திருக்கிறாராம். சோதித்துப் பார்த்த நேரத்தில் அவர்களில் ஒருவர்கூட நினைவுக்கு வரவில்லையாம். இனிமேல் பெயருக்குப் பதிலாக அடையாள அட்டை எண்ணை வைத்து ஃபோல்டர் திறக்கும்படி அன்றைக்கே மாற்றிவிடுவதாகச் சொன்னார். மன்னிப்பும் கேட்டார்.

மிஸ்ஸி முடிவை சுங்கை பட்டாணிக்கு அனுப்பினார். பதில் வரும்வரை அக்கா கண்ணை மூடியிருந்தார். நாற்காலி உறுதி என்று செய்தி வந்ததும் மிஸ்ஸி அவர் தோளைத் தொட்டு, தமிழில், “போயிட்டு வாங்க அக்கா. கல்யாணத்த நல்லா பாருங்க” என்றார்.

லோரிக்காரர் திடுக்கிட்டுப் போய் அங்கிளிடம், மிஸ்ஸிக்குத் தமிழ் தெரியுமா என்று கேட்டார்.

“இத்தன வருஷமா ஒன் பேச்ச கேக்குறவங்க. தெரியாமலா போகும்?”

லோரிக்காரர் போர்வையை மார்புவரை இழுத்துக்கொண்டார். மிஸ்ஸி அவர் பக்கத்தில் போய், எப்போதும்போல் ரத்த அழுத்தம் பார்த்தார். 

அக்கா மகள் கழுத்தில் தாலி ஏறியபோது அக்கா மேடையில்தான் நின்றார். நான் கீழே நின்று பார்த்தேன். டயாலிசிஸ் நிலையத்தில் கழிந்த அந்தக் காலைப்பொழுதை இன்னும் என்னால் ஒரு பக்கமாக வைக்க முடியவில்லை. லோரிக்காரர் சொன்னதும் நானும் மிஸ்ஸியைச் சந்தேகித்தது தப்பு, அதில் எனக்குக் குழப்பம் இல்லை. அந்தப் புரோகிராமரும் நல்ல மனத்தோடுதான் எழுதிக் கொடுத்தார். யாரும் எங்களை ஒதுக்கவில்லை. ஆனால் சோதித்துப் பார்த்த பெயர்களில் எங்கள் பெயர் ஒன்றுகூட இல்லை. அதை வெறுப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஒன்றுமில்லை என்று விட்டுவிடவும் முடியவில்லை.