ஒன்பது வருஷமாக முட்டை வாங்காதவள்

காலாண்டு விடுமுறைக்குச் சின்னபொண்ணு மகள் வீட்டுக்குப் போகவில்லை என்றதும் தெருவில் நாலு பேருக்கு மூக்கு வியர்த்துவிட்டது. திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் அவள் சமையலர். புருஷன் செத்துப் பதினோரு வருஷம். மகள் கலைமதியை விழுப்புரம் பக்கம் காணையில் கட்டிக் கொடுத்திருந்தாள். லீவு விட்டதும் பஸ் ஏறிப் போய் அங்கேயும் அடுப்படியில் நின்றுவிட்டு வருவதுதான் வழக்கம். 2014-ஆம் வருஷம்தான் முதல்முறையாக மாட்டேன் என்றாள்.

"நான் வரலடி. வீட்லயே இருந்துக்கினு, எனக்குப் புடிச்சத ஆக்கி, துன்னுட்டுத் தூங்கப் போறேன்."

"இன்னாம்மா, உடம்பு கிடம்பு சரியில்லையா? உன் மாப்ள எதுனா சொன்னாரா?" என்றாள் கலைமதி போனில்.

ஒரு பொம்பளை காரணமே இல்லாமல் சும்மா இருக்க ஆசைப்படுவாள் என்று சொன்னால் பெற்ற மகளே நம்பவில்லை. பிறகு தெருவை என்ன சொல்ல! எதிர்வீட்டுச் சவுரியம்மாள் வாசலை ஒரே நாளில் மூன்று தடவை கூட்டினாள். மூன்று தடவையும் கண் இந்த வீட்டு ஜன்னலில்தான் இருந்தது.

சந்தேகப்படுவதில் சின்னபொண்ணுவும் சளைத்தவள் இல்லை. அது அந்த வேலை கொடுத்த வியாதி. அவளுக்கு முன்னால் இருந்த சமையல்காரி, பைக்குள் ஆறு முட்டையோடு பள்ளிக்கூட கேட்டிலேயே பிடிபட்டவள். அந்த இடத்துக்குத்தான் இவள் வந்தாள். தன்னையும் ஊர் அப்படித்தான் பார்க்கும் என்று முதல் நாளே முடிவு கட்டிக்கொண்டு, வீட்டுக்குள் முட்டை கொண்டுவருவதையே விட்டுவிட்டாள். குப்பையில் ஒரு முட்டை ஓடு கிடந்தால் போதுமே, தெரு அவளை வாயில் போட்டு மெல்லுவதற்கு! டைபாய்டு வந்து டாக்டர் தினம் ஒரு முட்டை சாப்பிடச் சொன்னபோதுகூட, காணைக்குப் போய் மகள் வீட்டில் தின்றுவிட்டு வந்தாள். இப்படியே ஒன்பது வருஷம் ஓடியிருந்தது.

விடுமுறையின் முதல் இரண்டு நாளும் சொர்க்கம்தான். நூற்றைம்பது பிள்ளைகளுக்கு உப்புப் போட்டுப் பழகிய கை, முதல் நாள் ஒரு ஆள் குழம்பைக் கடலாக்கிவிட்டது. சிரித்துக்கொண்டே கீழே கொட்டினாள். மறுநாள் கேப்பைக் களி கிண்டி, கத்தரிக்காய் போட்டுக் கருவாட்டுக் குழம்பு வைத்து, சட்டியிலிருந்தே வழித்துச் சாப்பிட்டாள். மத்தியானம் ஃபேனைச் சுழலவிட்டுத் தரையில் படுத்தவள் எழுந்தபோது விளக்கு வைக்கிற நேரம். யாரும் எழுப்பவில்லை. யாரும் 'அக்கா, பருப்பு வெந்துச்சா' என்று கேட்கவில்லை. இப்படி ஒரு சுகம் இருப்பது தெரியாமலே நாற்பத்தெட்டு வயசு ஆகிவிட்டதே என்று அவளுக்கு அழுகை வந்தது.

மூன்றாம் நாள் ஆசை வேறு மாதிரி கிளம்பியது. உடைத்து ஊற்றின முட்டைக் குழம்பு. பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கிறது, சாவி சத்துணவு அமைப்பாளர் காந்திமதியிடம் இருக்கிறது. இப்போது முட்டை வாங்கினால் எவளால் என்ன சொல்லிவிட முடியும்? தைரியமாகப் பையை எடுத்துக்கொண்டு தெருமுனைக்கு, விருத்தாசலம் கடைக்குப் போனாள்.

"அண்ணே, ரெண்டு முட்டை குடுங்க."

விருத்தாசலம் அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, மெதுவாகச் சிரித்தார்.

"இன்னாம்மா, நீங்களே காசு குடுத்து வாங்கறீங்க?"

"பின்ன ஓசியிலயா குடுப்பீங்க?"

பெஞ்சுக்கு அடியிலிருந்த அட்டையிலிருந்து இரண்டை எடுத்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. வழியெல்லாம் அதையே திருப்பித் திருப்பி நினைத்துக்கொண்டு வந்தாள்.

குழம்பு கொதித்தது. முட்டையைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒன்றின் வயிற்றில் நீலமாக ஏதோ கலங்கியிருந்தது. எலுமிச்சைத் தோலோ புளியோ வைத்து யாரோ தேய்த்திருக்கிறார்கள், ஆனால் பாதிதான் போயிருக்கிறது. வாரா வாரம் கூடை கூடையாகப் பார்க்கிற முத்திரை, அவளுக்கா அடையாளம் தெரியாது? வெளியே விற்கக் கூடாதென்று சத்துணவு முட்டைக்குக் குத்துகிற முத்திரை அது.

அடுப்பை அணைத்துவிட்டுக் கீழே உட்கார்ந்தாள். இத்தனை வருஷமாக எதற்குப் பயந்தாளோ, அது அவள் உள்ளங்கையிலேயே இருந்தது.

காந்திமதி சொன்னது அப்போதுதான் உறைத்தது. "சின்னபொண்ணு, பாவம், நீ மாடா ஒழைக்கற. இந்த லீவுல சத்துணவு சென்டர் பக்கமே எட்டிப் பாக்காத. சாவி என்கிட்டயே இருக்கட்டும், நல்லா ரெஸ்ட் எடு." மகள் வீட்டுக்குப் போனாலும், வழக்கமாக விடுமுறையில் நடுவில் ஒருநாள் வந்து பாத்திரம் துலக்கி வைப்பது சின்னபொண்ணுதான். என்ன நல்ல மனசு என்று அன்றைக்குக் கண் கலங்கி நின்றாளே! லீவு விட்ட வெள்ளிக்கிழமை மூன்று அட்டை முட்டை மிச்சமிருந்ததும் நினைவுக்கு வந்தது. இந்த ஓய்வே அவளை ஒதுக்கி வைக்கத்தான் கொடுக்கப்பட்டதா? தின்ற களியும் தூங்கிய தூக்கமும் ஒரே நொடியில் கசந்துபோயின.

உடைத்துக் குழம்பில் ஊற்றிவிட்டால் யாருக்கும் தெரியாது. வெளியே சொன்னாலோ, காந்திமதி 'முட்டை யார் வீட்டில் இருந்தது?' என்று ஒரே கேள்வியில் கதையை முடித்துவிடுவாள். வேலை போகும். வேலையோடு பேரும் போகும். ஆனாலும் அவளால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. முட்டையைக் கையில் பொத்திக்கொண்டு மறுபடியும் கடைக்கு ஓடினாள். அங்கே சவுரியம்மாள் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, இது உங்களுக்கு எங்கேர்ந்து வந்துச்சு?"

விருத்தாசலத்துக்கு முகம் மாறியது. "இன்னாம்மா தெரியாத மாதிரி கேக்கற? நீ குடுத்தனுப்பறதுதான். 'சின்னபொண்ணு நேரா வரக் கூச்சப்படறா'ன்னு ஆர்கனைசர் காந்திமதி அம்மாதான் கொணாந்து குடுக்கறாங்க. நாலு வருஷமா நடக்குது."

"நானா? நான் குடுத்தனுப்பறேனா?"

சவுரியம்மாள் வெங்காயத்தைப் போட்டுவிட்டு வந்து அவள் தோளைத் தொட்டாள்.

"கத்தாத சின்னபொண்ணு. எங்களுக்கெல்லாம் தெரியும். புருஷன் இல்லாதவ, பொழைச்சிக்கினு போறான்னு நாங்க ஒருத்தர்கிட்டயும் வாயத் தொறக்கல. உன்ன நாங்க காட்டிக் குடுப்பமா?"

"நான் எடுக்கலக்கா! சத்தியமா எடுக்கல!"

"சரி சரி, எடுக்கல. போ, வீட்டுக்குப் போய்ப் படு." குரலில் அத்தனை பிரியம். சவுரியம்மாள் ஒரு வார்த்தைகூட நம்பவில்லை என்பது அந்தப் பிரியத்திலேயே தெரிந்தது. அவள் திட்டியிருந்தால்கூடச் சின்னபொண்ணு தாங்கியிருப்பாள்.

அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. மறுநாள் காலை, எவர்சில்வர் டப்பாவில் அரிசியைக் கொட்டி அதற்குள் முட்டையைப் பதித்து, விழுப்புரம் பஸ் ஏறினாள். ஒவ்வொரு வேகத்தடைக்கும் டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அதையே பார்ப்பது போலிருந்தது. பின்னாலிருந்த ஆள் போனில் பேசுவது காந்திமதியிடம்தானோ என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. விக்கிரவாண்டியில் இறங்கித் திரும்பிவிடலாமா என்று எழுந்து, மறுபடியும் உட்கார்ந்தாள்.

கலெக்டர் ஆபீஸில் சத்துணவுப் பிரிவைத் தேடிக் கண்டுபிடிக்கவே பதினொரு மணி ஆகிவிட்டது. மேசைக்குப் பின்னால் இருந்தவர் டப்பாவைத் திறந்து முட்டையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இது உங்ககிட்ட எப்படிம்மா வந்துச்சு?"

"கடையில வாங்கினேன் சார். எங்க சென்டர் முட்டை. அமைப்பாளர் அம்மா என் பேரைச் சொல்லி வித்துக்கினு இருக்காங்க."

"நீங்க அங்க என்ன வேலை?"

"சமையலர்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வை அவள் எதிர்பார்த்ததுதான்.

"யோசிச்சுக்குங்கம்மா. இதை எழுதிக் குடுத்தா மொத என்கொயரி உங்க மேலதான் வரும். உங்க வீட்டைத்தான் வந்து சோதிப்பாங்க. தெருவே வேடிக்கை பாக்கும்."

"அதுக்குத்தான் சார் வந்தேன்" என்றாள் சின்னபொண்ணு. "என் வீட்லேர்ந்தே ஆரம்பிங்க. தெரு சனம் மொத்தத்தையும் கூப்பிட்டு, அவங்க எதிர்லயே என்னை விசாரிங்க. அவங்க யாரும் என்னைச் சந்தேகப்படல சார். சந்தேகம் இருந்திருந்தா நாலு வருஷத்துல ஒருத்தராவது என்கிட்ட வந்து கேட்டிருப்பாங்க. திருடின்னே நம்பிட்டாங்க."