வேப்பிலை கொண்டுவந்த லோரி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்றில் மகள் செல்லத்துக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தபோது மணியம்மாவுக்குத் துணை என்று புருஷன்கூட இல்லை. தேயிலைத் தோட்டத்து லயத்து ஆட்கள்தான் தாங்கினார்கள். பக்கத்து வீட்டு வேலாயி தன் கூடையோடு மணியம்மாவுக்கும் சேர்த்துக் கொழுந்து பறித்தாள். மலைமேல் தானா ராத்தா டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த சாகுல் ஹமீது, சாமான் எடுக்க அடிவாரத்துத் தாப்பாவுக்கு இறங்கும்போதெல்லாம் தாயையும் மகளையும் தன் லோரியில் ஏற்றிப்போய், ஆஸ்பத்திரிக்குப் போகக் கோலாலம்பூர் பஸ்ஸில் உட்கார வைத்தார்.

மருந்து ஏற்றினால் செல்லத்துக்கு முடி கொட்டும், வாயெல்லாம் புண்ணாகும். "நல்லானதும் ஸ்கூலுக்குப் போலாமாம்மா?" என்று கேட்கும் பிள்ளைக்குத் தலையாட்டிவிட்டு மணியம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

"காய்ச்சல் கண்டா அன்னைக்கே கொண்டாங்க. இவ ஒடம்பு எதையும் தாங்காது" என்று ஆஸ்பத்திரியில் தமிழ் நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். இரண்டு முறை காய்ச்சல் வந்தபோதும் மணியம்மா அடித்துப்பிடித்து ஓடினாள்.

மூன்றாம் முறை காய்ச்சலோடு அம்மை முத்தும் போட்டது. எட்டிப் பார்த்த வேலாயி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஆத்தா வந்திருக்காடி. ஊசி, மருந்துனு வாயத் தொறக்காத. கோவிச்சுக்குவா."

வேலாயி கெட்டவளில்லை. ஆனாலும் பாழாய்ப்போன அந்தப் பேச்சு மணியம்மாவைக் கட்டிப்போட்டுவிட்டது. குளிர் மலையில் வேப்பிலைக்கு எங்கே போவது? கீழேயிருந்து வாங்கிவரும்படி சாகுல் ஹமீதுக்குச் சொல்லியனுப்பினாள். மறுநாள் காலை அவர் ஒரு கட்டு வேப்பிலையோடு வாசலில் நின்றார்.

"காய்ச்சல்னா ஒடனே கொண்டாரச் சொன்னாங்கல்ல? பிள்ளையத் தூக்கிட்டு வா தங்கச்சி. இன்னொரு நடை கீழ போறேன், லோரி காலிதான்லா."

"ஆத்தா எறங்காம வாசப்படி தாண்டக்கூடாது பாய்."

அடுத்தவர் சாமி விஷயம். வேப்பிலைக் கட்டை அவள் கையில் கொடுத்துவிட்டு லோரிக்குத் திரும்பினார். லோரி கிளம்புகிற சத்தம் கேட்டு உள்ளேயிருந்து செல்லம் முனகியது.

"அம்மா, நாம போவலியா?"

"தல தண்ணி ஊத்துனதும் போலாம் கண்ணு."

தண்ணீர் ஊற்றும் நாள் வரவில்லை. விரித்த வேப்பிலை மேலேயே பிள்ளை அடங்கிப்போனது.

ஆத்தா அழைத்துக்கொண்டாள் என்று லயமே தேற்றியது. ஒருவர்கூட மணியம்மாவைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட ஆறியிருக்குமோ என்னவோ.

பிறகு மலைரோட்டில் அந்த லோரிச் சத்தம் கேட்டால் போதும், மணியம்மா கொழுந்துக் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்து கைகாட்டுவாள். சாகுல் ஹமீது ஒவ்வொரு தடவையும் நிறுத்துவார், கதவையும் திறந்துவிடுவார். ஏற்றிவிட அவள் கையில் பிள்ளை இருக்காது.