ஜைத்தூன் அக்கா டெல்லி பார்த்த கதை

ஜைத்தூன் அக்கா இறந்துவிட்டார்.

நேற்று மதியம், மூலக்குளத்தில் அவர் வீட்டில். சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை... ஹார்ட் அட்டாக் என்கிறார்கள்.

நேரு வீதியில் நான் வேலை செய்யும் ஜவுளிக்கடையில், சேலைக்கு ஃபால்ஸ் தைக்கும் செக்‌ஷனில் எனக்குப் பக்கத்து மெஷின் அவருடையது. சின்ன வயதில் போலியோ வந்ததால் இடது காலில் காலிப்பர் என்ற இரும்புக் கட்டு போட்டிருப்பார். வாய்க்கு மட்டும் எந்தக் கட்டும் கிடையாது.

செய்தி வந்ததில் இருந்து ஸ்டாஃப் வாட்ஸ்அப் குரூப்பில் "பாவம், ரொம்பக் கஷ்டப்பட்ட ஜீவன்", "இனிமே அந்தக் கால் தொல்லை இல்ல" என்று வந்துகொண்டே இருக்கிறது. இந்தப் பதிவின் கீழே யாரும் அப்படி எழுதாதீர்கள். எழுதினால் அழித்துவிடுவேன். யாராக இருந்தாலும் சரி.

அதற்குப் பதிலாகக் கீழே இருக்கும் போட்டோவைப் பாருங்கள். ஒரு சைக்கிள் ரிக்‌ஷா, அதில் பைகளின் குவியல், நடுவில் கூலிங் கிளாஸ் போட்ட ஒரு முகம்... அதுதான் அக்கா.

கடையில் இருந்து ஒரு கூட்டமாக, சமையல்காரரையும் கூட்டிக்கொண்டு டெல்லி டூர் போனபோது எடுத்தது.

அந்த டூருக்கு வர அக்கா வீட்டில் பெரிய சண்டை. "இந்தக் கால வெச்சிக்கிட்டா டெல்லிக்குப் போற?" என்று அவர் அண்ணன் கேட்டாராம். "பின்ன யாரு கால வெச்சிக்கிட்டுப் போறது?" என்று கேட்டுவிட்டு வந்து ரயில் ஏறினார்.

ஆனால் டெல்லியிலும் அவருக்கு அதே பழைய வேலைதான். இங்கே ஊரில், பீச் ரோட்டில் நாங்கள் பாறையில் இறங்கினால் செருப்புக்குக் காவல் ஜைத்தூன் அக்கா. கல்யாண வீட்டில் பந்திக்குப் போகிறவர்களின் ஹேண்ட்பேக் எல்லாம் ஜைத்தூன் அக்கா மடியில்.

முதல் நாள் குதுப்மினாரில் டூர்க்காரர், "நீங்க வண்டிலயே இருந்துக்கங்கம்மா, பையெல்லாம் பாத்துக்கங்க" என்றார். அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார், யாருக்கும் தப்பாகத் தோன்றவில்லை. நாங்கள் மினாரைப் பார்த்தோம். அக்கா பார்க்கிங்கைப் பார்த்தார்.

அன்று சாயங்காலம் ரூமில் காலிப்பரைக் கழற்றிக்கொண்டே என்னிடம் கேட்டார். "ஊருக்குப் போனா டெல்லி எப்டி இருந்துச்சுன்னு கேப்பாங்களே, இன்னாடி சொல்றது? பஸ் சீட்டு நல்லா இருந்துச்சுன்னா?"



மறுநாள் செங்கோட்டை. திரும்பி வந்து பார்த்தால் வண்டியில் அக்கா இல்லை. பைகளும் இல்லை... ஒன்றுகூட இல்லை. டிரைவர் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார்.

டிக்கெட், மாத்திரை, ஆதார், எல்லாம் அந்தப் பைகளில். டூர்க்காரர் தலையில் கை வைத்து நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டார். அக்காவுக்கு போன் அடித்தால் எடுக்கவில்லை. புள்ளையை யாராவது ஏமாற்றிக் கூட்டிப்போய்விட்டார்களோ என்று வேறு ஒருத்தி ஆரம்பித்துவிட்டாள். புள்ளைக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது!

அப்போதுதான் அந்த ரிக்‌ஷா வந்தது. எல்லார் பையையும் அடுக்கி, மேலே ஒரு கயிறு போட்டுக் கட்டி, நடுவில் அக்கா. கையில் பாதி ஜிலேபி. சாந்தினி சௌக்கில் சேலை பார்டர் கடைகளை ஒரு சுற்று பார்த்துவிட்டு, ஜும்மா மசூதியை வெளியில் இருந்து ஆசை தீரப் பார்த்துவிட்டு வருகிறார்.

டூர்க்காரர் கத்தினார். அக்கா அவர் முடிக்கும்வரை ஜிலேபியைத் தின்றார்.

"பையப் பாத்துக்கன்னீங்க. எண்ணிப் பாத்துக்கங்க, எல்லாம் இருக்கு. பஸ்லயே குந்தியிருக்கணும்னு டிக்கெட்ல எழுதலயே?"

சரி, வழி எப்படிக் கேட்டீர்கள், உருதிலா என்று ஒருவர் கேட்டார். "எங்க வூட்டுல சண்டையே தமிழ்லதான். கைய காட்டினேன், போனாரு."

அந்தப் போட்டோவை நான் அப்போதுதான் எடுத்தேன். அவசரத்தில் எடுத்ததால் கொஞ்சம் ஷேக் ஆகியிருக்கும்.

அடுத்த நாள் ஹுமாயூன் கல்லறையில் யாரும் அவரிடம் பை கொடுக்கவில்லை. அங்கே படிகள் செங்குத்து. அக்கா ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து, கையை ஊன்றி, பின்பக்கமாகவே ஏறினார். டூர்க்காரர் வாட்சைப் பார்த்தார், அக்கா அவரைப் பார்த்தார். அப்புறம் அவர் வாட்சைப் பார்க்கவில்லை.

மேலே போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு சுற்றும்முற்றும் பார்த்தார். "காத்து நல்லா வருது. இதையெல்லாமா எனக்குக் காட்டாம வெச்சிருந்தீங்க?"

இப்போது சொல்லுங்கள், இவரா பாவம்?

இன்று காலை கடையில் இருந்து வேன் வைத்துக்கொண்டு மூலக்குளம் போனோம். சந்து முழுக்க ஜனம். அடக்கத்துக்கு எடுப்பதற்குள் முகம் பார்த்துவிட வேண்டும் என்று அவசரம்.

எங்கள் மேனேஜர் பழக்கதோஷத்தில் சொன்னார். "உள்ள கூட்டமா இருக்கு. யாராவது ஒருத்தர் வேன்லயே இருந்து பையெல்லாம் பாத்துக்கங்கம்மா."

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அவரவர் பையை எடுத்து அவரவர் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினோம்.

வாசலில் பையோடு பை இடித்தது. நகருங்கம்மா என்று யாரோ திட்டினார்கள். நகர்ந்து நகர்ந்து, அப்படியே எல்லாரும் உள்ளே போய்ப் பார்த்தோம்.

போயிட்டு வாங்கக்கா... பைய நாங்களே தூக்கிக்கிறோம்.