காலி அறையில் ஓர் ஆள் எடை

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிறவள் நான். இதைப் படித்துவிட்டு நீங்களும் எழுந்து போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். 'சென்சார் கெட்டிருக்கும்' என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள், அதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

கட்டடங்களின் அதிர்வை அளப்பது என் வேலை. மரத்தளத்தில் சென்சார்களை ஒட்டிவிட்டு ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் தளம் அதிர்ந்து அடங்கும். அதே வீட்டைக் கம்ப்யூட்டரிலும் மாடலாகக் கட்டி, அங்கேயும் தட்டிப் பார்ப்போம். இரண்டும் ஒத்துப்போனால் மரம் நல்ல மரம், வேலை நல்ல வேலை. இதில் ஆவிக்கு எங்கே இடம், சொல்லுங்கள்.

கொடைக்கானல் பஜாரில் கடை வைத்திருக்கும் சிக்கந்தர் பாய், வடகவுஞ்சிப் பக்கம் முழுக்க மரத்தாலேயே ஒரு மாடி விடுதி கட்டியிருந்தார். மாடியில் கடைசி அறையில் மட்டும் நடந்தால் தளம் தொய்ந்து ஆடுகிற மாதிரி இருக்கிறது என்று தங்கிப் பார்த்த சொந்தக்காரர்கள் சொல்ல, கட்டிக்கொடுத்த சேவியர் மேஸ்திரி மீது பாய்ந்துவிட்டார், அளந்து சொல்ல என்னையும் கூப்பிட்டுவிட்டார்.

"உளுத்த மரத்தப் போட்டு ஏமாத்திட்டான் மேடம். நீங்க வெரசா எழுதிக் குடுங்க, ஸ்டேஷன்ல குடுத்துர்றேன்."

"எம் புள்ளைக மேல சத்தியமா எல்லா ரூமுக்கும் ஒரே மரந்தாங்க, பாய்" என்றார் சேவியர். என் கையெழுத்தில் ஒரு மனிதர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக வேண்டியிருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது.

அன்றைய நாளே சரியில்லை. மதியமே மூடுபனி இறங்கிவிட்டது, கரண்ட் போய்ப் போய் வந்தது, கூரைமேல் குரங்குகள் ஓட்டம். போதாததற்குப் பாய் போன் பேசிக்கொண்டே படியேறி இறங்கிக்கொண்டிருந்தார், மாடிப்படியில் நான் ஒட்டியிருந்த சென்சார் வழியே ஒவ்வோர் அடியும் என் திரையில் மலை மாதிரி எழும்பியது. எல்லோரையும் வெளியே துரத்திவிட்டு, குரங்குகளும் போகும்வரை காத்திருந்து, கடைசி அறையில் தட்டினேன். மாடலில் என் எடையையும் மறக்காமல் சேர்த்திருந்தேன்.

ஒத்துப்போகவில்லை.

மரம் உளுத்திருந்தால் கணக்கு வேறு மாதிரி கெடும். இது அப்படியில்லை. எதை எதையோ மாற்றிப் பார்த்து அலுத்துப்போய், மாடலில் ஜன்னலோரம் ஓர் ஆள் எடையைச் சும்மா வைத்தேன். அச்சாகப் பொருந்தியது. இன்னொன்றும் சொல்கிறேன். மூட்டையை வைத்தால் அதிர்வு மெதுவாகும், அவ்வளவுதான். உயிருள்ள ஆள் நின்றால் உடம்பு அதிர்வை உறிஞ்சிவிடும், சட்டென்று அடங்கிவிடும். நான் கதை விடவில்லை, எங்கள் பாடத்திலேயே உள்ளது. என் உடம்பைக் கணக்கில் சேர்த்தும் அந்தத் தளம் அதைவிடச் சட்டென்று அடங்கியது.

ஜன்னல் வழியே பார்த்தேன். பாயும் சேவியரும் கீழே ஜீப்புக்குப் பக்கத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். வேறு சென்சார்களை ஒட்டித் தட்டினேன். இப்போது எடை அறை நடுவே பொருந்தியது. மறுபடி தட்டினேன். என் பக்கத்தில்.

நம்பினால் நம்புங்கள், எனக்குப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. காலையிலிருந்து ஆளாளுக்கு என் அளவைக் கெடுத்துக்கொண்டிருக்கிறார்கள், இப்போது இது வேறு.

"யாருங்க அது? செத்த வெளிய போங்க, எனக்குச் சோலி கெடக்கு!" என்று காலி அறையைப் பார்த்துக் கத்தியேவிட்டேன்.

தட்டினேன். தளம் கணீரென்று அதிர்ந்து நிதானமாக அடங்கியது. என் எடை மட்டும் இருந்த மாடலோடு இம்மி பிசகாமல் பொருந்தியது. அப்போதுதான் பயம் வந்தது, சுத்தியலை அங்கேயே போட்டேன்.

அப்படியே கீழே ஓடினேன். "மரத்துல ஒரு குறையும் இல்ல பாய். அப்படித்தான் எழுதப்போறேன்."

"அப்ப ஏன் ஆடுச்சு மேடம்?"

"இப்ப ஆடல. போய் நடந்து பாருங்க."

இருவரும் போய் நடந்தார்கள், பாய் குதித்தும் பார்த்தார். தளம் கல் மாதிரி நின்றது. சேவியர் அங்கேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். பாய் கையை நீட்டி, "எந்திரி சேவியரு, டீ குடிப்போம்" என்றார். விடுதி திறந்தாயிற்று, அந்த அறைமேல் இன்றுவரை ஒரு புகாரும் இல்லை.

மதுரையில் என் வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன். ஓடிவந்த அவசரத்தில் பதிவை நிறுத்தவில்லை, மாடிப்படியில் ஒட்டியிருந்த சென்சார் எல்லாவற்றையும் பிடித்து வைத்திருந்தது. நான் இறங்குவது தெரிகிறது. பாதிப்படியில் செருப்பைச் சரிசெய்ய நின்றேன், அதுவும் தெரிகிறது. நான் நின்ற பிறகு ஓர் அடி விழுந்து, அதுவும் நின்றிருக்கிறது. நான் நடந்ததும் அதுவும் நடக்கிறது.

'உன் வீட்டில் ஒருமுறை அளந்து பார்த்துவிடேன்' என்கிறார்கள் கேட்டவர்கள் எல்லோரும், ஏதோ பல்லி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிற மாதிரி. நான் அளக்கப்போவதில்லை.