ரோசலினை உள்ளபடி பார்ப்பது

ரோசலின் இறந்த செய்தி எனக்கு ஒரு வேலையாகத்தான் வந்து சேர்ந்தது. ஈப்போ பழைய டவுனில் நான் வேலை செய்யும் அச்சுக்கடையில் அன்று காலை அப்போதுதான் கணினியைத் திறந்திருந்தேன். அவள் தங்கை ஸ்டெல்லாவிடமிருந்து வாட்சாப்பில் ஒரு படம் வந்தது. பின்னாலேயே குரல் பதிவு. "கமலாக்கா, அக்கா விடியக்காலம் போயிட்டா. பூசைக்கு அட்டை அடிக்கணும். இது அவ நல்லா இருக்கிறப்ப எடுத்த படம். கொஞ்சம் வெளுப்பாக்கி, கண்ணுக்குக் கீழ இருக்கிற கருப்ப எடுத்துக் குடுங்கக்கா." சித்தியவானில் யாருடைய கல்யாணத்திலோ எடுத்தது. பட்டுச்சேலை, கொண்டை நிறையப் பூ. எனக்கு அழக்கூடத் தோன்றவில்லை. கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

நினைவஞ்சலி அட்டை, பேனர், பத்திரிகை விளம்பரம், இதுதான் என் பிழைப்பு. செத்தவர்களை வெளுப்பாக்குவேன். வாழ்நாளில் கோட்டே போடாத மனிதருக்குக் கோட்டு மாட்டுவேன். சுருக்கத்தை எடுப்பேன், விழுந்த பல்லை முளைக்க வைப்பேன். யாரும் கேட்காமலேயே செய்துவிடுவேன். அதுதான் மரியாதை என்று நம் சனங்கள் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ரோசலின் முதன்முதலில் கடைக்கு வந்தது, தன் ஓவிய வகுப்புக்கு நோட்டீசு அடிக்க. என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள். நல்ல கறுப்பு, நல்ல உயரம், வாயும் கொஞ்சம் நீளம். என் திரையில் சிம்பாங் பூலாய் ஊர்ப் பெரியவர் ஒருவர் பாதி வெளுத்த நிலையில் இருந்தார்.

"இவரு யாருக்கா?"

"பாத்தா தெரியலயா? செத்துப்போனவரு."

"இப்படி ஆக்கினா அவரு பொண்டாட்டிக்கே அடையாளம் தெரியாதுலா. நீங்க இன்னொரு தடவ சாகடிக்கிறீங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நோட்டீசு அடிக்க வந்தியா, எனக்கு வேல சொல்லிக் குடுக்க வந்தியா?" என்று எரிந்து விழுந்தேன். அவள் சிரித்துவிட்டு, அடித்த நோட்டீசில் ஒன்றை என் மேசையிலேயே வைத்துவிட்டுப் போனாள். அந்தச் சனிக்கிழமை நான் வகுப்புக்குப் போனது வரைவதற்காக இல்லை. இவள் அப்படி என்னதான் கிழிக்கிறாள் என்று பார்த்துவிட்டு வரத்தான்.

மூடிப்போன தையற்கடைக்கு மேல்மாடியில் வகுப்பு. ஓய்வுபெற்ற ஆஸ்பத்திரித் தாதி ஒருவர், லோரி ஓட்டும் முனியாண்டி அண்ணன், இன்னும் சிலர். பள்ளிக்கூடச் சுவரில் ஒட்டுகிற பெரிய மாஜோங் தாளைத் தரையில் விரித்து, ஆளுக்கொரு கரித்துண்டைக் கொடுத்தாள். எதிரில் இருப்பவரை இடது கையால் வரைய வேண்டும், தாளைப் பார்க்கவே கூடாது. அழிப்பான் கிடையாது. நான் தாதியை வரைந்தேன். கருணைக்கிழங்குக்கு மூக்கு வைத்த மாதிரி வந்தது. வெட்கத்தில் கசக்கி எறிந்ததை ரோசலின் எடுத்து நீவிச் சுவரில் குத்தினாள். "கை தப்பு பண்ணட்டும்கா. கண்ணு பொய் சொல்லாம இருந்தாப் போதும்" என்றாள். உனக்கு வரைய வராது என்று பள்ளிக்கூடத்தில் சொன்னதை அந்த வயது வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தவள் நான். அன்று வீட்டுக்குப் போய், விரலில் இருந்த கரியைக் கழுவ மனசில்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஒருமுறை, அவள் பிறந்த தோட்டத்துக்கு எங்களை வேனில் கூட்டிப் போனாள். சித்தியவான் பக்கம். ரப்பர் மரமெல்லாம் போய் எங்கே பார்த்தாலும் எண்ணெய்க்கு நட்ட செம்பனை. தோட்டத்துச் சனங்கள் குடியிருந்த லயங்களை இடித்துவிட்டார்கள். "எதிர்ல இருக்கிறத வரைங்க" என்று சொல்லிவிட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்தாள். அவள் திரும்பி வந்து பார்த்தால், செம்பனைக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு அத்தனை பேரும் ரப்பர் மரம் வரைந்திருக்கிறோம்! ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கூட வரையவில்லை. முனியாண்டி அண்ணன் ரப்பர்ப் பால் பிடிக்கும் வாளியையும் விடவில்லை. எல்லோரும் தோட்டத்தில் பிறந்தவர்கள், கண் எதிரே இருந்ததைத் தாண்டிக் கை தானாகப் போய்விட்டது. அவள் உருகுவாள் என்று எதிர்பார்த்தேன். முகம் கடுத்துப் போனது. "எங்கம்மா இந்த எடத்துல பால்மரம் வெட்டி இளைப்பு வந்தே செத்தாங்க. இல்லாதத அழகா வரையுறது சொகமாத்தான் இருக்கும். இருக்கிறத யாரு பாக்கறது?" புதுத் தாள் எடுத்து எல்லோரும் செம்பனை வரைந்தோம்.

பிறகு அவளுக்கு மார்பில் கட்டி. அறுவை சிகிச்சை, அதற்குமேல் மருந்து. முடியெல்லாம் கொட்டி, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வகுப்புக்கு வருவாள். ஒரு சனிக்கிழமை, எங்களுக்கு மாடலாக உட்காரும் ஹுத்தான் மெலிந்தாங் ஊர் மீனவர் வரவில்லை. "நான் உக்காருறேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். துண்டை அவிழ்த்தாள். மெல்லிய பருத்திச் சட்டை, ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. குனிந்து வரைந்தோம்.

முடிந்ததும் எழுந்து ஒவ்வொரு தாளாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். எல்லாருடைய தாளிலும் முடி இருந்தது. ஒருவர் கொண்டையே போட்டிருந்தார். நான் தோள்வரை கூந்தல் விட்டு, கன்னத்தை நிரப்பி, மார்பை இரண்டு பக்கமும் சரியாக வைத்திருந்தேன். அவள் மனம் நோகக்கூடாது என்று ஆளாளுக்கு நினைத்திருக்கிறோம். அவள் திட்டவில்லை. அழுதாள். அவள் அழுது அதுவரை நாங்கள் பார்த்ததில்லை.

"நான் இன்னும் சாகல. உயிரோட இருக்கிறப்பவே அஞ்சலி அட்டை போட்டுட்டீங்களே. போறதுக்குள்ள ஒருத்தராச்சும் என்ன ஒழுங்காப் பாருங்கலா."

புதுத் தாள் விரித்தோம். இந்தத் தடவை பார்த்தேன். மொட்டைத் தலை, புருவம் இல்லாத நெற்றி, இறங்கிப்போன ஒரு தோள். கோடு கோணலாகப் போனது. போகட்டும் என்று விட்டுவிட்டேன். என் தாளை அவள் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"பயமா இருந்துச்சாக்கா?"

"ஆமா."

"எனக்கும்தான். நான் கண்ணாடி பாக்கறதே இல்ல. இப்ப இதுல பாத்துக்கிட்டேன்."

இதெல்லாம் மனசில் ஓட, படம் வந்த அன்று காலை ஸ்டெல்லாவை அழைத்தேன். கொண்டைப் படம் வேண்டாமே என்றேன். அவள் வெடித்தாள். "அப்ப மொட்டத் தலையோட போடச் சொல்றீங்களா? நாலு சனம் பாத்து ஐயோ பாவம்னு சொல்லணுமா? என்னால அக்காவ அந்தக் கோலத்துல பாக்க முடியலக்கா. ஆஸ்பத்திரியில சோறு ஊட்டறப்பகூட நான் மூஞ்சியப் பாக்கல." கூடப் பிறந்தவளின் துக்கத்தோடு வாதாட நான் யார்? அவள் கேட்டபடியே அட்டையைச் செய்தேன். நிறத்தை மட்டும் தொடவில்லை. அனுப்பியதும் அவள் திரும்ப அழைத்தாள்.

"கறுப்பா இருக்காளேக்கா?"

"அவ கறுப்புதான்லா."

ஸ்டெல்லா போனை வைத்துவிட்டாள்.

அடக்கத்தன்று வீட்டுக்குப் போனேன். பெட்டிக்குள் இருந்தவளுக்கு விக் வைத்து, பவுடர் அடித்து, உதட்டுச் சாயம் பூசியிருந்தார்கள். ஸ்டெல்லா பெட்டிப் பக்கமே போகவில்லை. மாலை போட்ட படத்தின் முன்னால் மரமாக நின்றாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அந்தச் சனிக்கிழமை இரண்டாவதாக நான் வரைந்த படத்தைச் சுருட்டிக் கொண்டுபோயிருந்தேன். மூடி போடப் போகிறார்கள் என்றதும், திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று அவள் முன்னால் விரித்தேன்.

அவள் திட்டவில்லை. காதுக்கு மேலே ஓரிடத்தில் விரலை வைத்தாள். "இங்க ஒரு தழும்பு. சின்னப் புள்ளையில நான் தள்ளிவிட்டு விழுந்தா. முடிக்குள்ள இருந்ததால யாருக்கும் தெரியாது. நீங்க போட்டிருக்கீங்களே." எனக்கு அந்தக் கதை தெரியாது. அங்கே ஒரு பள்ளம் இருந்தது, வரைந்திருந்தேன்.

ஸ்டெல்லா நேரே பெட்டியிடம் போனாள். விக்கைக் கழற்றினாள். "ஏ புள்ள, என்னா பண்ற!" என்று பெரியவர்கள் சத்தம் போட்டார்கள். அவள் காதில் விழவில்லை. முந்தானையால் பவுடரைத் துடைத்து, வெறுந்தலையில் உள்ளங்கையை வைத்து, "அக்கா" என்று கத்தினாள். அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது. சாமியார் செபத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். அவள் அழுது முடிக்கும்வரை யாரும் மூடியைத் தொடவில்லை.

சனிக்கிழமைகளில் என்னோடு தரையில் உட்கார்ந்தவர்களே, மாடி அறையைப் பூட்டிவிட்டார்கள் என்று உங்களுக்குத் தெரியும். "இனி நம்மள யாரு திட்டுவா?" என்று முனியாண்டி அண்ணன் கல்லறையில் கேட்டார். நான் வரைந்த அந்தப் படத்தை ஸ்டெல்லா பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டாள். கேட்டு வாங்க எனக்கு மனம் வரவில்லை. இப்போது என்னிடம் இருப்பது, ஒரு மனுஷியைக் கண்ணைத் திருப்பாமல் பார்த்த கொஞ்ச நேரம் மட்டும்தான். அதற்குண்டான தைரியத்தை அவள்தான் கொடுத்தாள். அது போதுமா என்றால், போதவில்லை.