முதலாளிக்கு எஸ் கிடையாது

பூட்டுக் கம்பெனியின் கடிதப் பிரிவில் பதினான்கு வருஷமாக டைப் அடித்துக்கொண்டிருந்தவளை எல்லோரும் எஸ்ஸக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. யார் எழுதிய இங்கிலீஷிலும் எஸ் விழுந்துபோன இடத்தை மோப்பம் பிடித்துவிடுவாள். ஒருநாள் மாடிப்படி ஏறும்போதே, "மேலே யாரோ 'ஹி கம்'னு அடிக்கிறாங்க" என்றாளாம். போய்ப் பார்த்தால் அப்படியே இருந்ததாம். இதில் பாதியைத்தான் நான் நம்புகிறேன். மீதியை நீங்கள் நம்பிக்கொள்ளுங்கள்.

புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவளிடம் ஒரு பாடம் உண்டு.

"ஒரு எஸ்தான் இருக்கு, ஆள் ரெண்டு பேர். பாய்ஸ் கம். பாய் கம்ஸ். பேர்ச்சொல் அதை எடுத்துக்கிட்டா வினைச்சொல்லுக்கு இல்லை. வினைச்சொல் எடுத்துக்கிட்டா பேர்ச்சொல்லுக்கு இல்லை. ரெண்டு பேரும் கேட்டா சண்டைதான்."

அப்படியொரு சண்டை அவள் வீட்டிலிருந்தே ஆபீசுக்கு வந்தது. கொழுந்தனின் மனைவி, அதாவது அவளுடைய ஓரகத்தி, அதே பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள். வீட்டில் இவள் பெரியவள், அவள் சின்னவள். ஒரே சமையலறை, ஒரே பஸ். இப்போது ஒரே மேஜையின் இரண்டு பக்கங்கள்.

சின்னவள் கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். பாவம், அவள் நல்லவள். டிபன் டப்பாவைத் திறந்தால் முதலில் அக்காவுக்குத்தான் நீட்டுவாள். பெரியவளுக்கு எழுத்தில்தான் இங்கிலீஷ். ஃபோன் மணி அடித்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். சின்னவளோ ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, சிரித்துக்கொண்டே, நகத்தைப் பார்த்துக்கொண்டே இங்கிலீஷ் பேசுவாள். எஸ் எங்கே விழுந்தது எங்கே எழுந்தது என்று அவளுக்கே தெரியாது. ஆனால் கேட்பவர்கள் சொக்கிப் போவார்கள். வாட்ச்மேன் பதினான்கு வருஷமாகப் பெரியவளைப் பார்த்தால் தலையை மட்டும் அசைப்பார். சின்னவளுக்கு ஒரே வாரத்தில் எழுந்து நின்றார். அவர் முழங்காலில் வலி என்று பெரியவள் அதுவரை நினைத்திருந்தாள்.

மாமியார் வேறு சாப்பாட்டு நேரத்தில், "சின்னவ பேசினா ரேடியோ மாதிரி இருக்கு" என்றார். பெரியவளுக்கு அதற்குமேல் சோறு இறங்கவில்லை. அதையாவது பொறுத்திருப்பாள். "நீயும் அவகிட்ட கொஞ்சம் பேசிப் பழகேன்" என்று கட்டின புருஷனே சொன்னபோது வயிறு எரிந்த எரிச்சலில் ஒரு குடம் தண்ணீர் கொதித்திருக்கும்.

இந்த நேரம் பார்த்து முதலாளியின் செகரட்டரி ஓய்வு பெற்றார். கண்ணாடிக் கதவு போட்ட தனி அறை, சுழல் நாற்காலி, கதவில் பதவிப் பலகை. பதினான்கு வருஷமாகப் பெரியவள் தன் மேஜையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அறை அது. முதலாளி இரண்டு பேரையும் கூப்பிட்டார்.

"என்னைப் பத்தி ஒரு பக்கம் எழுதுங்க. வெளிநாட்டுக்காரங்களுக்குக் கொடுக்கிற புத்தகத்துல போடணும். யாரோடது நல்லா இருக்கோ அவங்களுக்கு அந்த ரூம்."

சின்னவள் நேராக அக்காவிடமே வந்தாள். "அக்கா, எனக்கு இந்த எஸ்தான் தகராறு. எங்கே போடணும், எங்கே விடணும், கொஞ்சம் சொல்லுங்களேன்."

எதிரியிடமே ஆயுதம் கேட்கிறாளே என்று பெரியவளுக்கு ஒரு நிமிஷம் இரக்கம்கூட வந்தது. அடுத்த நிமிஷம் வாட்ச்மேனின் முழங்கால் ஞாபகம் வந்தது.

"இதோ பாரு. முதலாளியை நாம 'வர்றான்'னா சொல்றோம்? 'வர்றாங்க'ன்னுதானே சொல்றோம்? ஒருத்தரா இருந்தாலும் மரியாதைக்குப் பன்மை. பன்மைக்கு எஸ் உண்டா?"

"இல்லைக்கா. பாய்ஸ் கம்."

"அப்போ முதலாளிக்கும் கிடையாது. 'ஹி கம்ஸ்'னு எழுதினா அவன் வர்றான்னு ஆயிடும். 'ஹி கம்'னு எழுதினாத்தான் அவர் வர்றார். எஸ் எல்லாம் ப்யூனுக்குப் போடு."

சின்னவள் கண் அகன்றது. "இவ்வளவு நாள் யாருமே எனக்கு இதைச் சொல்லலைக்கா."

"யாரு சொல்லுவா. எல்லாருக்கும் பொறாமை."

இரண்டு பக்கங்களும் முதலாளியின் மேஜைக்குப் போயின. அவருடைய இங்கிலீஷ் அவர் செய்கிற பூட்டுபோலத்தான், லேசில் திறக்காது. ஆனால் வித்தியாசம் கண்ணில் பட்டுவிட்டது. இரண்டு பேரையும் நிற்க வைத்துச் சின்னவளிடம் கேட்டார்.

"உங்க பேப்பர்ல எஸ் ஒண்ணுகூட இல்லையேம்மா, ஏன்?"

"மரியாதைக்கு சார்." சின்னவள் பாடத்தை ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தாள். வர்றான், வர்றாங்க, பாய்ஸ், ப்யூன், எல்லாம்.

பெரியவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். முதலாளி சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"முப்பது வருஷமா எனக்கு ஒரு குறை. நமக்கெல்லாம் இங்கிலீஷ்ல ஒரு 'அவர்' இல்லையேன்னு. இருந்திருக்கு பாருங்க." பிறகு பெரியவளின் தாளைத் தூக்கிப் பிடித்தார். சிவப்புப் பென்சிலால் வட்டம் வட்டமாகப் போட்டிருந்தது. "நீங்க பதினேழு இடத்துல என்னை 'அவன்'னு சொல்லியிருக்கீங்க."

சின்னவள் பதறிப்போனாள். "சார், எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்ததே அக்காதான்."

"அப்படியா? பின்னே நீங்க ஏம்மா எஸ் போட்டீங்க?"

உண்மையைச் சொல்ல ஒரே வாக்கியம் போதும். சொன்னால் வேண்டுமென்றே தப்பாகச் சொல்லிக் கொடுத்தவள் என்று ஆகும், அறையும் போகும். பெரியவள் அந்தக் கண்ணாடிக் கதவைப் பார்த்தாள். அதற்குள் சின்னவள் உட்கார்ந்து ஃபோனைத் தோளில் இடுக்குவதுபோல ஒரு காட்சி வந்தது.

"அது முதல் பிரதி சார். எஸ்ஸையெல்லாம் எடுக்கிறதுக்குள்ள ப்யூன் அவசரப்பட்டுத் தூக்கிட்டு வந்துட்டான்."

பெரியவளுக்கே அறை கிடைத்தது. பதவிப் பலகையும் கிடைத்தது. அன்றிலிருந்து முதலாளியைப் பற்றிப் போகிற ஒவ்வொரு கடிதத்திலும் 'ஹி ஹோப்', 'ஹி திங்க்' என்று எஸ்ஸைக் கிள்ளிக் கிள்ளி அனுப்பினாள். கீழே அவள் கையெழுத்து. அதை அடிக்கும் ஒவ்வொரு முறையும் பல்லில் கல் கடித்தது. வெளிநாட்டிலிருந்து பதில் எழுதியவர்கள், "உங்கள் ஆபீசில் ஃபோனில் பேசும் பெண்மணிக்கு எங்கள் பாராட்டுகள்" என்று கடைசி வரியில் மறக்காமல் எழுதினார்கள். அதைப் படித்து ஃபைல் செய்வதும் செகரட்டரியின் வேலைதான்.

நாலைந்து மாதம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். பெரியவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து அறையில் அவளுடைய மகளுக்குச் சின்னவள் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"சித்தி, எங்க பிரின்சிபால் கம்மா, கம்ஸா?"

"கம்ஸ்."

"அவங்க பெரியவங்களாச்சே. மரியாதைக்கு எஸ் போடக் கூடாதுன்னு அம்மா ஃபோன்ல யார்கிட்டயோ சொன்னாங்களே."

பெரியவளின் கையில் தலையணை உறை அப்படியே நின்றது.

"இங்கிலீஷ்ல பெரியவங்க சின்னவங்க எல்லாம் கிடையாது கண்ணு. ஒரே ஆள்னா எஸ். ராஜாவா இருந்தாலும் சரி, ராஜாவோட நாய்க்குட்டியா இருந்தாலும் சரி."

"அப்போ அம்மாவுக்குத் தெரியாதா?"

பென்சில் சீவுகிற சத்தம் கேட்டது.

"உங்கம்மா எழுதறது ஆபீஸ் இங்கிலீஷ். அது ரொம்ப உசந்தது. நமக்கு இது போதும், நீ எழுது."

சின்னவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. எப்போதிருந்து என்று பெரியவள் மனசுக்குள் நாளை எண்ணிப் பார்த்தாள். டப்பாவை முதலில் தன்னிடம் நீட்டாத நாள் ஒன்றுகூட அகப்படவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாகச் சண்டை போட்டிருக்கலாம். இதிலும் அவளே ஒரு படி மேலே போய் நிற்கிறாளே என்று நெஞ்சுக்குள் பழைய அடுப்பு மறுபடி பற்றிக்கொண்டது.

துணியைக் கட்டிலில் போட்டுவிட்டு அந்த அறை வாசலில் போய் நின்றாள். "நோட்டை இங்கே கொண்டா. நான் சொல்லித் தர்றேன்."

மகள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "வேணாம்மா. நாளைக்கு டெஸ்ட்."