முதுகுக்குப் பின்னால் ஒரு கதவு

தையல்காரி லேசில் யாருக்கும் அடங்கிப் போகிறவள் இல்லை. அவள் வீட்டு முன்னறையில் ஆறு தையல் மெஷின்கள் ஓடின. ஓட்டியவர்கள், சண்டை முடிந்து துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு வந்த ஆறு பெண்கள். மூத்தவளுக்கே இருபத்திரண்டு வயதுதான். பயிற்சி முடிந்ததும் மறுவாழ்வுத் துறை அதிகாரியும் தையல்காரியும் கையெழுத்துப் போட்ட கடிதம் கையில் இருந்தால்தான் தொழிற்சாலையில் வேலை. வாராவாரம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் நிற்பதும் அத்தோடு ஒழியும்.

முதல் வாரமே வம்பு வந்தது. வெளிச்சத்துக்காக மெஷின்கள் ஜன்னலைப் பார்த்திருந்தன. கதவு முதுகுக்குப் பின்னால். தெருவில் சைக்கிள் மணி அடித்தாலும் ஆறு தலைகள் ஒன்றாகத் திரும்பும், காலர் கோணிக்கொள்ளும். ஒருத்தி விரலிலேயே ஊசியை இறக்கிக்கொண்டாள். கடைசியில் அவர்களாகவே மெஷின்களைக் கதவுப் பக்கம் திருப்பிப் போட்டார்கள். தலை திரும்புவது நின்றது. ஆனால் வெளிச்சம் இல்லாமல் போட்ட பட்டன் துளைகள் எலி கடித்த மாதிரி இருந்தன.

அந்த நேரம் பார்த்துத்தானா அதிகாரி வர வேண்டும்? காவல் காக்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள், பழைய புத்தி போகவில்லை என்றார். துறை கொடுத்த பயிற்சி அறை வரைபடத்தில் உள்ளபடி மெஷின்கள் ஜன்னலைப் பார்க்காவிட்டால் ஒருத்திக்கும் கடிதம் கிடையாது என்று பதினைந்து நாள் கெடு வைத்தார்.

"திருப்பி வச்சுடுறோம், அக்கா. பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துடுறோம்" என்றாள் மூத்தவள்.

"பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பட்டன் துளை போட முடியாதுடி."

தையல்காரியின் கணவர் கொத்தனார். ஊரார் வீட்டையெல்லாம் கட்டுவார், சொந்த வீட்டில் ஓர் ஆணி அடிக்க ஆறு மாதம் எடுப்பார். அன்று மாலையே அவர் கையில் கடப்பாரையைத் திணித்தாள். பழைய வாசலை அடைத்து, ஜன்னலை ஒட்டிப் புது வாசல் திறக்க வேண்டும். சுவர் தாங்குமா என்று அவர் இழுத்தார்.

"நீங்க கட்டின சுவருதானே. உங்களுக்கே நம்பிக்கை இல்லையா?"

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடப்பாரையை ஓங்கினார்.

பயிற்சியும் முடிகிற அந்தக் கெடு நாளில் வந்த அதிகாரி, வாசல் இருந்த இடத்தில் செங்கலைப் பார்த்துத் திகைத்து, வீட்டைச் சுற்றிக்கொண்டு வந்தார். மெஷின்கள் வரைபடத்தில் உள்ளபடியே இருந்தன. கதவு எப்படி மாறியது என்று கேட்டார்.

"மெஷின் எந்தப் பக்கம் பார்க்கணும்னுதான் உங்க பேப்பர்ல இருக்கு, சார். கதவைப் பத்தி ஒரு வரி இருந்தா காட்டுங்க."

பக்கங்களைப் புரட்டினார். இல்லை. காலர்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. 'திருந்திவிட்டார்' என்று ஆறு கடிதங்களிலும் எழுதி, கையெழுத்துப் போட்டு, அவள் பக்கம் தள்ளினார். தையல்காரி பேனாவைத் தொடவில்லை.

"தையல் கத்துக்கிட்டாங்கன்னு எழுதுங்க. நான் சொல்லிக்கொடுத்தது அதைத்தான்."

எப்போதும் இப்படித்தான் எழுதுவது, வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள் என்று அவர் பேனாவை மூடினார். ஆறு பேருடைய பிழைப்பை வைத்தல்லவா அடம் பிடிக்கிறோம் என்று தையல்காரிக்கே ஒரு கணம் தோன்றியது. திரும்பி அவர்களைப் பார்த்தாள்.

மூத்தவள் எழுந்திருக்கவில்லை.

"வேற பேப்பர் எடுங்க, சார். எங்களுக்கு அவசரம் இல்ல. இன்னும் ஆறு வாரம்னாலும் ஸ்டேஷன்ல போய் நிக்கிறோம்."

அதிகாரி அவளையும் தையல்காரியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பையைத் திறந்து புதுத் தாள்களை எடுத்தார்.